பஸ் காசும் பெயர்ப்பலகையும்

மஹய்யாவ என்றதும் கண்டிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மயானம். நகரத்தின் பொது மயானம் அங்கேதான் இருக்கிறது. அடுத்து, 1880இல் மாத்தளைக்குப் போட்ட ரயில் பாதையும் அதன் சுரங்கமும். மூன்றாவதாக, மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பு. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம்வரை ஓடும் ஏ9 வீதியும் கட்டுகஸ்தோட்டையை நோக்கி இந்த வழியாகத்தான் போகிறது.

புற்றுநோயாளருக்குச் செய்யப்படும் கொடையைப் பற்றிப் பேச இந்த இடம் ஏன்? தூரத்தின் கணக்கு இங்கிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. மஹய்யாவவில் ஒருவருக்கு வாயில் ஆறாத புண் வந்தால், கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது தேசிய வைத்தியசாலைக்கு, நகரத்தைக் கடந்தால் போதும். காலையில் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனால் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். அதே புண் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வந்தால், விடியுமுன் லயத்தை விட்டிறங்கி, தோட்டத்து வழியில் நடந்து, ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தாண்டிக் கண்டிக்கு இன்னொரு பஸ். இருவருக்கும் வைத்தியர் ஒருவரே, மருந்தும் ஒன்றே. மருந்துக்கு இருவரும் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. இருவரில் யார் சிகிச்சையை முடிப்பார் என்பதைத் தீர்மானிப்பது பல வேளைகளில் வைத்தியசாலைக்கு வெளியில் இருக்கும் பணம்தான்.

இலங்கையில் ஆண்டுதோறும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. பெண்களில் மார்பகப் புற்றுநோயும் ஆண்களில் வாய்ப் புற்றுநோயும் முன்னிற்கின்றன. சிகிச்சையின் பெரும்பகுதியை அரசாங்க வைத்தியசாலைகளே சுமக்கின்றன. இலவச வைத்தியம் இந்த நாட்டின் பெருமை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘இலவசம்’ என்ற சொல் வைத்தியசாலை வாசலில் தொடங்கி வாசலில் முடிகிறது. வாசலுக்கு வந்து சேரும் வழிச்செலவும், வாசலுக்கு வெளியே தங்கும் செலவும், வேலைக்குப் போகாத நாளின் சம்பளமும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை. கொடையாளர் இல்லாமல் முடியாத இடம் எது என்று கேட்டால் நான் இந்த வெளிப்புறத்தைத்தான் காட்டுவேன். எனினும் இந்த நாட்டில் கொடை பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது உட்புறத்துக்கு: கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும்.

அந்தப் பெருங்கொடைகளைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. 2011 ஜூலையில் நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறைவரை ஒரு கூட்டம் 27 நாட்கள் நடந்தது. தூரம் 670 கிலோமீட்டர். ‘ட்ரெயில்’ என்ற அந்த நடைபயணத்தைத் தொடக்கியவர்கள் ஆடைத் தொழில்துறையைச் சேர்ந்த நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும், ஒரு தமிழரும் ஒரு சிங்களவரும். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வடக்கின் புற்றுநோயாளிகள் சிகிச்சைக்காக 400 கிலோமீட்டர் அளவு பயணம் செய்து, கொழும்புக்கு அருகிலுள்ள மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நடந்து திரட்டிய பணம் சுமார் 24 இலட்சம் அமெரிக்க டாலர். அதில் எழுந்ததுதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2013இல் திறக்கப்பட்டது. 2016இல் அதே கூட்டம் திசையை மாற்றி வடக்கிலிருந்து தெற்கே நடந்தது, இம்முறை காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. கனடாவில் 1980இல் புற்றுநோய்க்காக நிதி திரட்ட ஒற்றைக் காலோடும் செயற்கைக் காலோடும் 143 நாட்கள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்த டெரி பொக்ஸின் நினைவு இந்த நடையில் இருக்கிறது. ஆனால் கிராமத்துப் பிள்ளைகள் வீதியோரம் நின்று சில்லறை கொடுத்ததும், தெற்கிலிருந்து வந்த கால்கள் வன்னி மண்ணை மிதித்ததும் நம் நாட்டுக்கேயுரிய காட்சி.

தெல்லிப்பழை கட்டடத்தை நான் உட்புறக் கொடை என்று எண்ணவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது கட்டடம்தான். ஆனால் அது செய்த முக்கிய வேலை தூரத்தைக் குறைத்தது. 400 கிலோமீட்டர் சுமையை ஒரு மாவட்டத்துக்குள் அடக்கியது. யாழ்ப்பாணத்து நோயாளி மஹரகமையில் தெரியாத மொழியில், தெரியாத ஊரில், தங்க இடமின்றித் தவித்த நாட்களை அது நீக்கியது. மலைநாட்டுக்கு அப்படியொரு நடை இன்னும் வாய்க்கவில்லை.

2016ஐ ஒரு கணம் நின்று பார்க்கலாம். அந்த ஆண்டின் உலகக் கொடைச் சுட்டெண்ணில் இலங்கை ஐந்தாம் இடத்தில் இருந்தது. மியன்மார், அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றுக்கு அடுத்து. அதே ஆண்டில் மஹரகம வைத்தியசாலைக்கு ‘பெட்’ ஸ்கேன் இயந்திரம் வாங்கக் கதீஜா அறக்கட்டளை பொதுமக்களிடம் கைநீட்டியது. முன்னின்றவர் புற்றுநோயில் மகனை இழந்த எம். எஸ். எச். முஹம்மத். வெகு சில மாதங்களில் 20 கோடி ரூபாய் இலக்கு எட்டப்பட்டது. உண்டியலை உடைத்த பிள்ளைகளும், சம்பளத்தில் ஒரு பகுதியைத் தந்த ஊழியர்களும், பள்ளிவாசல், விகாரை, கோயில், தேவாலயம் என எல்லாத் தரப்பினரும் அதில் இருந்தார்கள். பணம் திரண்ட வேகத்துக்கும் அரசின் கொள்முதல் நடைமுறை நகர்ந்த வேகத்துக்கும் இடையில் இருந்த தூரத்தை அப்போது பத்திரிகைகள் எழுதின.

பெட் ஸ்கேனின் தொழில்நுட்பத்திலேயே கொடையாளருக்கு ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. இயந்திரம் படமெடுக்க நோயாளியின் உடலுக்குள் கதிரியக்கச் சர்க்கரை ஏற்ற வேண்டும். அதிலுள்ள ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பாதி வலு போய்விடும். மருந்தை வாங்கி அலமாரியில் அடுக்கிவைக்க முடியாது. செய்த கையோடு கொண்டுவந்து அன்றே ஏற்ற வேண்டும். ஆக, இயந்திரம் ஒருமுறை வாங்குவது. அதற்குத் தீனி நாள்தோறும் வாங்குவது. முதலாவதற்குப் பெயர்ப்பலகை வைக்கலாம். இரண்டாவதற்கு வைக்க முடியாது.

இதே சங்கடம் பழைய கோபால்ட் கருவிகளிலும் இருந்தது. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். கொடையாகக் கருவி வந்த நாளில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கதிர் வைத்தால் போதுமென்றால், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே அளவுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் வேண்டும். ஒரு நாளில் பார்க்கக்கூடிய நோயாளர் தொகை குறைகிறது, வரிசை நீள்கிறது. யாரும் எதையும் உடைக்கவில்லை; கொடை தானாகவே பாதியாகிவிட்டது. மூலத்தை மாற்றப் பணம் கேட்டுப் போனால், “நாங்கதான் அப்பவே மெசின் வாங்கித் தந்தோமே” என்ற பதில் வருவதும் இயற்கைதான்.

கொடை ஒருமுறை நிகழும் சம்பவமாக இல்லாமல் பழக்கமாக மாறிய இடம் எது என்று தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால் அடையாறு தெரிகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிவாரண நிதி தொடங்கி, வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் ஏறி இறங்கினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறந்தது. அடுத்த ஆண்டு சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. 1957இல் கனடாவிலிருந்து கோபால்ட் கருவி கொடையாக வந்தது. நான் கவனிப்பது அந்தக் கருவியையல்ல. காசு உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்கு வைத்தியம் பார்ப்பது என்ற கணக்கை அந்த நிறுவனம் எழுபது ஆண்டுகளாகப் பிடிவாதமாக நடத்துகிறது. பெரிய பணக்காரர் ஒருவரின் அறக்கட்டளைப் பணத்தில் எழுந்த மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையோடு (1941) ஒப்பிட்டால், அடையாறின் அடித்தளம் சிறு தொகைகளால் ஆனது. சிறு தொகை தருபவர் மறுபடியும் தருவார். பெருந்தொகை தருபவர் பெரும்பாலும் ஒருமுறைதான் தருவார்.

திரும்பக் கண்டிக்கு வருவோம். அந்தப் பொகவந்தலாவைப் பெண்ணுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வாய்ப் புற்றுநோய்க்கான முழுக் கதிர் சிகிச்சை, சனம் சொல்வதுபோல் ‘கரண்ட் வைக்கிறது’, பொதுவாக 30 முதல் 35 முறை வரும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தின்படி 35 நாள் ‘பேர்’ (வேலைநாள் பதிவு) இல்லை என்றால் 47,250 ரூபாய் கைவிட்டுப் போகிறது. தனியாக வர முடியாது. கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளும் தோட்டத்தில் வேலை செய்பவரானால் 94,500. இது உழைக்காமல் போன காசு மட்டும்தான். பஸ் காசு, சாப்பாடு, கண்டியில் ஒரு மூலையில் தங்கும் வாடகை இவற்றை இன்னும் சேர்க்கவில்லை. வார்டில் படுக்கை கிடைத்தால் தங்கும் செலவு மிச்சம். ஆனால் நடமாடக்கூடிய ஒரு நோயாளி தினமும் சில நிமிடச் சிகிச்சைக்காக ஏழு வாரம் ஒரு படுக்கையைப் பிடித்திருந்தால், சத்திரசிகிச்சை வேண்டிய இன்னொருவர் வெளியே காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தச் செலவு பற்றிய பயம் கற்பனையில்லை என்பதற்கு ஒரு பழைய ஆய்வை நினைவூட்டலாம். வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க வைத்தியர்தான் வேண்டுமா, கிராமத்துச் சுகாதார ஊழியர் போதாதா என்று சமன் வர்ணகுலசூரிய குழுவினர் இலங்கையில் சோதித்தார்கள். முடிவு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்தது. 34 ஊழியர்கள் ஓராண்டளவில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்த்தார்கள். நூற்றுக்கு நான்கு பேரளவில் ஏதோ மாற்றம் தெரிந்து மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள். ஊழியர்களின் கண் சரியாகவே கணித்தது. அதுதான் அந்த ஆய்வின் வெற்றி, உலகெங்கும் அது மேற்கோள் காட்டப்படுவதும் அதற்காகத்தான். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதில் வரும் வேறொரு எண்ணை. அனுப்பப்பட்டவர்களில் பரிசோதனைக்கு வந்து சேர்ந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல் மட்டும்தான். மீதிப் பேர் வரவில்லை. பயத்தில் சிலர், நோவில்லாத புண்தானே என்ற அலட்சியத்தில் சிலர் இருந்திருப்பார்கள். வேலைநாள் ஒன்றை இழக்க முடியாதவர்களும் பஸ்ஸுக்குக் காசில்லாதவர்களும் அவர்களுக்குள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் மலையக லயங்களில் பசியையும் குளிரையும் அடக்கும் மருந்து. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுப்பு சொல்கிறது. நோய் எங்கே அதிகமோ அங்கேதான் வைத்தியசாலை தூரமாகவும் இருக்கிறது.

இனி, சாப்பாடு. இந்த நாட்டில் வைத்தியசாலைக்குத் தானம் கொடுப்பது பழைய வழக்கம். இறந்தவரின் ஆண்டு நினைவு, பிள்ளையின் பிறந்தநாள், வெசாக், ரமழான், தைப்பொங்கல் என்று ஏதோ ஒரு நாளை முன்னிட்டுச் சோற்றுப் பார்சலும் தேநீரும் வரும். மஹரகம வைத்தியசாலையில் பகல் சாப்பாட்டுத் தானத்துக்குக் குடும்பங்கள் நாளை முன்கூட்டியே பதிந்துகொள்வதுண்டு. மதத்தைக் கேட்காமல் தருகிறார்கள், மதத்தைக் கேட்காமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் வாயிலும் தொண்டையிலும் கதிர் வைத்தவருக்கு மூன்றாவது வாரமளவில் வாய் முழுக்கப் புண்ணாகிவிடும். சோறு இறங்காது, கறியின் காரம் தீயாக எரியும். அவருக்கு வேண்டியது நீராகாரம், சத்து மாவு, முட்டையும் பாலும் அரைத்த கஞ்சி. சிலருக்கு மூக்குவழிக் குழாயில் ஏற்றக்கூடிய உணவு. தானம் கொடுக்க வந்த குடும்பம் அன்போடு நீட்டும் கோழிக்கறிப் பார்சலை அவர் கும்பிட்டு வாங்கிப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிடுவார். தாதியரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் சமைத்தால் இது நேராது. கேட்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

இரத்ததானத்திலும் நாட்காட்டிப் பிரச்சினை உண்டு. 2014 முதல் இலங்கையின் இரத்தத் தேவை முழுக்க முழுக்கக் காசு வாங்காத தன்னார்வக் கொடையாளர்களால் நிறைகிறது. நம்மைவிடச் செல்வந்த நாடுகள் பலவற்றாலும் எட்ட முடியாத நிலை இது. விகாரைகளிலும் பாடசாலைகளிலும் முகாம் போட்டால் வரிசை நிற்கும். புற்றுநோய் மருந்து ஏற்றும் நோயாளிக்கு அடிக்கடி தேவைப்படுவது இரத்தவட்டுகள். குளிரூட்டியில் வைக்க முடியாது; அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும்; ஆயுள் ஐந்து நாள். போயா தினத்தில் நூறு பேர் கொடுத்த இரத்தவட்டு அடுத்த போயாவரை தாங்காது. பண்டிகை முடிந்த இரண்டாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை போய்க் கை நீட்டுகிறவர்தான் அந்த வார்டுக்குத் தேவையான ஆள். அவருக்கு மாலை போட அன்றைக்கு யாரும் வரமாட்டார்கள்.

தங்குமிடம்தான் இந்த வரிசையில் மிகக் கனமான விஷயம். மும்பையில் தாதர் பகுதியில் காட்கே மகாராஜ் பெயரிலான தர்மசாலை பல்லாண்டுகளாக டாட்டா வைத்தியசாலைக்கு வரும் வெளியூர் நோயாளிகளுக்கு இடம் கொடுக்கிறது. பாயும் சமையலுக்கு இடமும் கூட வருபவருக்கு ஒரு மூலையும் கிடைக்கும். வசதி என்று சொல்ல முடியாது. ஆனால் நடைபாதையில் படுப்பதைவிட எவ்வளவோ மேல். 2006இல் அதே நகரத்தில் ஷியாமா, நிஹால் கவிரத்ன தம்பதியர் தொடக்கிய செயின்ட் ஜூட் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளின் குடும்பங்களை இலவசமாகத் தங்கவைக்கின்றன. பிற்பாடு சென்னை உட்பட வேறு நகரங்களுக்கும் அவை பரவின. அவற்றின் பின்னால் இருந்த கேள்வி எளியது: குணமாகக்கூடிய நோயுள்ள பிள்ளையைப் பெற்றோர் ஏன் பாதியில் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள்? மருந்து இல்லாததால் போகவில்லை. நகரத்தில் இருக்க முடியாததால் போனார்கள். சிகிச்சையைக் கைவிடுதல் என்று மருத்துவ நூல்கள் எழுதும் விஷயத்தில் பாதி, வாடகை விஷயம்.

நம் நாட்டில், முன்னாள் சபாநாயகர் கரு ஜயசூரியவின் மகள் இந்திரா 2016இல் மார்பகப் புற்றுநோயால் இறந்த பிறகு, அவருடைய நினைவாகச் சகோதரி டாக்டர் லங்கா தொடக்கிய இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை இந்தத் திசையில் நடந்திருக்கிறது. மஹரகமையில் அது எழுப்பிய ‘சுவ அரண’ புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்குமான பராமரிப்பு இடம். வலியைக் குறைப்பதும் குடும்பத்தைச் சேர்த்துவைத்திருப்பதும் அங்கே சிகிச்சையின் பகுதி. கொழும்புக்கு அருகில் நடந்தது கண்டியை அடைய இன்னும் எவ்வளவு காலமாகுமோ.

தூரத்தைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு: வர வேண்டிய நாட்களையே குறைப்பது. மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து வாரம் கொடுத்த கதிரை மூன்று வாரத்தில் 15 முறையாகக் கொடுத்தாலும் பலன் குறையாது என்று பிரித்தானிய ஆய்வுகள் காட்டி நெடுநாளாகிறது. 2020இல் லான்செட் இதழில் வந்த இன்னொரு பிரித்தானிய ஆய்வு, பொருத்தமான நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறையாக முடிக்கலாம் என்றது. மலையகத் தோட்டத்து ஒரு தாய்க்கு 25 பயணம் 15 ஆவதும், 15 பயணம் 5 ஆவதும் யாரும் கொடுக்காத ஒரு கொடை. பணமாகப் பார்த்தால் ஒவ்வொரு குறைப்பிலும் பத்து நாள் சம்பளம் கையில் மிஞ்சுகிறது. எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. வாய்ப் புற்றுநோய்க்கு அந்த நீண்ட வாரங்கள் இன்னும் தேவைப்படுகின்றன.

2022ஐயும் விட்டுவிட முடியாது. அந்த ஏப்ரலில் நாடு வெளிக்கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. கையில் டாலர் இல்லை. புற்றுநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது வைத்தியர்களே வெளிநாட்டிலிருப்பவர்களிடம் பகிரங்கமாக உதவி கேட்டார்கள். பட்டியலைப் பார்த்து, சரியான மருந்தைச் சரியான அளவில் வாங்கி அனுப்பியவர்கள் பல உயிரைக் காத்தார்கள். நல்ல மனதோடு காலாவதித் தேதி நெருங்கிய பெட்டிகளை அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள். வேண்டியது என்ன என்று கேட்ட கொடைக்கும் தன்னிடம் இருந்ததைத் தந்த கொடைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பற்றாக்குறைக் காலத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

மஹய்யாவவிலிருந்து பார்க்கும்போது மட்டும் தெரியும் ஒரு கொடை உண்டு: மொழி. இங்குள்ளவர்கள் வீட்டில் தமிழும் வேலையில் சிங்களமும் பேசி வளர்ந்தவர்கள். தோட்டத்திலிருந்து வரும் மூத்த பெண் கிளினிக்கில் கையில் துண்டோடு நிற்பார். எந்த நம்பரைக் கூப்பிடுகிறார்கள், எந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் எடுக்க வேண்டும், அடுத்த முறை எந்தத் தேதி என்பதெல்லாம் அவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆனால் நோயின் பெயரை நோயாளியின் மொழியில் விளக்கிச் சொல்ல எல்லா மேசையிலும் ஆள் இல்லை. “அக்கா, நில்லுங்க, நான் கேட்டுச் சொல்றேன்” என்று பக்கத்து வாங்கிலிருந்து எழுந்து போகிறவர் ஒரு சதமும் செலவழிப்பதில்லை. சமூக சேவைத் திணைக்களத்தின் நோயாளர் உதவிப் பணமும் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியும் சட்டப்படி இருக்கின்றன. விண்ணப்பம் நிரப்பி, கிராம சேவகரின் கையெழுத்து வாங்கி, வைத்தியரின் அறிக்கையை இணைத்துக் கொடுக்க ஒரு ஆள் கூட இருந்தால்தான் அவை கைக்கு வரும். கண்டியில் பத்துப் பேர் வாரத்துக்கு ஒரு காலை நேரத்தை இதற்காக ஒதுக்கினால், ஒரு கட்டடம் செய்யாத வேலையை அது செய்யும் என்று தோன்றுகிறது. (கொடுக்கும்போது படமெடுக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். தலைமுடி உதிர்ந்த பெண் பால்மாப் பெட்டியைக் கையில் ஏந்திக் கமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம் எவருக்கும் தேவையில்லை.)

கணக்கில் வராத மிகப் பெரிய கொடையாளி யார் என்று பார்த்தால், கூட நிற்கும் உறவுதான். சம்பளத்தை விட்டுவிட்டு ஏழு வாரம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கும் தங்கச்சி; தன் பிள்ளைகளைப் பக்கத்து லயத்தில் விட்டுவிட்டு வரும் மருமகள்; சீட்டு எடுத்த காசை முழுசாகக் கொண்டுவந்து கொடுக்கும் மச்சான். எந்த நன்கொடைப் பட்டியலிலும் இவர்கள் பெயர் இல்லை. வெளிக்கொடை இவர்களைத் தாங்கிப் பிடித்தால் சிகிச்சை முடியும். தாங்காவிட்டால், நான்காவது வாரத்தில் ஒருநாள் ‘ஊருக்குப் போய் வர்றோம்’ என்று சொல்லிக் கண்டியில் ஹட்டன் பஸ் ஏறுவார்கள். கிளினிக் கொப்பியில் அடுத்த தேதிக்கு நேரே இடம் வெறுமையாக இருக்கும்.

மலையகத் தோட்டங்களிலும் மஹய்யாவ போன்ற நகரக் குடியிருப்புகளிலும் ஏழைகளே நடத்தும் ஒரு அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது: மரண உதவிச் சங்கம். மாதாமாதம் சந்தா சேரும். வீட்டில் இழவு விழுந்தால் கதிரை வரும், கூடாரம் வரும், தேநீர்ச் செலவு வரும், குடும்பத்துக்குக் கையில் ஒரு தொகையும் வரும். தலைவரும் பொருளாளரும் இரவோடிரவாக வந்து நிற்பார்கள். கணக்குக் கொப்பி ஒழுங்காக இருக்கும். அரசாங்கமோ வெளிநாட்டு நிதியோ தொடாத, உள்ளூர்க் கொடையின் ஒழுங்கான வடிவம் இது. ஆனால் மனிதர் செத்த பிறகுதான் அந்தப் பெட்டி திறக்கும். ஆள் உயிரோடு கண்டிக்குப் போய்வருவதற்கு அதிலிருந்து காசு எடுக்க விதி இல்லை. இறுதிச் சடங்குக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை உறுப்பினர் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும்போதே பஸ் காசாகக் கொடுக்கலாமா என்று பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால், சங்கத்தின் யாப்பைத் திருத்த வேண்டியிருக்கும். அதற்கு வேண்டியது ஒரு பிரேரணை, அதை ஆமோதிக்க இன்னொருவர், பிறகு உயர்த்திய கைகளை எண்ண ஒரு செயலாளர்.